இடுப்பு உயரத்தில் ஒரு கீரைத் தோட்டம்!

கொல்லிமலைக்கு டூர் போய்விட்டு வந்தவர்களிடம் 'என்ன பார்த்தீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில் என்று வரிசையாகச் சொல்வார்கள். பலாப்பழமும் மலை வாழையும் மிளகும் வாங்கி வந்த கதையும் கூடவே வரும். அந்த வளைவுகளில் ஏறும்போது இருபுறமும் சரிவைக் கவனித்தீர்களா என்று கேட்டால் மட்டும், 'எங்கே கவனிக்கறது? தலை சுத்திக்கிட்டு வந்தது' என்பார்கள்!

கவனிக்க வேண்டியதே அதுதான். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, சமதளம் என்று கைக்குட்டை அளவு இடம்கூடச் சுலபமாகக் கிடைக்காத மலை அது. மழை பெய்தால் மண் கீழே ஓடப் பார்க்கும். அங்கேயுள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் சரிவைப் படிபடியாக வெட்டி, வரப்பு கட்டி, மண்ணை நிறுத்திப் பயிர் செய்கிறார்கள். ஒரு பக்கம் அணை, உள்ளே நல்ல மண், அதிகமாகிற தண்ணீர் வெளியேற வழி. யோசித்துப் பார்த்தால், நம் பால்கனியில் கால் வைத்து நிறுத்துகிற மரப்பெட்டித் தோட்டமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

'ஆமா, எங்க வீட்டுல துணி காயப்போடவே இடம் இல்லை. இதுல தோட்டம் எங்கே?' என்கிறீர்களா? நாலடி நீளம், இரண்டடி அகலம் இருந்தால் போதும். மேலே படியுங்கள்.

மலை சொல்லும் பாடம்

கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு எல்லாம் தாராளமாக விளைந்தன. ஒரே நிலத்தில் தானியத்தோடு கடுகு, அவரை, மொச்சை என்று கலந்து விதைக்கிற வழக்கமும் உண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று கை கொடுக்கும். வீட்டுத் தட்டில் தானியம், பருப்பு, கீரை மூன்றும் வந்து விழும்.

பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்ள, கையில் காசு புரண்டது. சிறுதானிய நிலமெல்லாம் மெள்ள மெள்ளக் கிழங்குக் காடாயிற்று. இதில் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. சாமையை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்குவது லேசான வேலையா என்ன? அந்தப் பாடு முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ஆனால் தட்டில் என்ன நடந்தது பாருங்கள். விதவிதமாக விளைந்த இடத்தில் விற்பதற்கு ஒரு மாவுச்சத்து, சாப்பிட அரிசி என்று ஆகிவிட்டது.

சென்னையில் 1988-ல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களிலிருந்து இந்த மலையில் வேலை செய்து வருகிறது. பழைய விதைகளைச் சேகரித்தார்கள். கிராமங்களில் விதை வங்கி வைத்தார்கள். உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்து உரலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். 2011 முதல் 2014 வரை கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கொல்லிமலை, வயநாடு, ஒடிசாவின் ஜெய்ப்பூர் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரு திட்டம் நடத்தினார்கள். வீட்டை ஒட்டிய காய்கறித் தோட்டமும் அதில் ஒரு பகுதி. விற்பனைக்குக் காடு இருக்கட்டும், வீட்டுச் சாப்பாட்டுக்கு வாசலில் நாலு செடி இருக்கட்டும் என்ற எண்ணம்தான்.

இது மலைவாசிகளின் பிரச்னை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். காலையில் இட்லி, மதியம் சாதம், இரவு தோசை, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு என்று நாம் சாப்பிடுவதும் மாவுச்சத்து மேல் மாவுச்சத்துதானே? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு! பாதிக்கு மேல், கவனியுங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, கீரையும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டில் ஆளுக்கு எவ்வளவு வருகிறது என்று ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஏன் கால் வைக்க வேண்டும்?

தரையில் தொட்டி வைத்தாலும் செடி வளரும்தான். ஆனால் தினமும் குனிந்து, குந்தி உட்கார்ந்து, எழுந்து... நாற்பதைத் தாண்டிய முழங்காலிடம் கேட்டுப் பாருங்கள், சொல்லும்! ஆர்வமாக ஆரம்பித்த பல மாடித் தோட்டங்கள் மூன்றாவது மாதத்தில் காய்ந்து கிடப்பதற்குப் பூச்சியைவிட முதுகுவலிதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். இடுப்பு உயரத்தில் இருந்தால் நின்றபடியே களை எடுக்கலாம், கீரை அறுக்கலாம். பாட்டிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தால் அவரும் சேர்ந்துகொள்வார். தனி வீடாக இருந்து கோழி, ஆடு வந்து போகிற வாசல் என்றால் அந்தத் தொல்லையும் குறையும்.

நின்று வேலை செய்பவருக்குத் தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்றடி வரை இருக்கலாம். உட்கார்ந்து செய்பவருக்கு இரண்டடி. சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றால் தொட்டிக்குக் கீழே முழங்கால் நுழைய இரண்டேகால் அடி காலி இடம் விடுங்கள். சுவரை ஒட்டி வைப்பதானால் அகலம் இரண்டடிக்கு மேல் வேண்டாம், கை எட்டாது. இரண்டு பக்கமும் சுற்றி வர முடிந்தால் நாலடி வரை போகலாம்.

கால் எதற்கு என்ன செலவு? பரணில் கிடக்கும் பழைய இரும்புக் கட்டில் பிரமாதமான ஸ்டாண்டு. இல்லாவிட்டால் செங்கல் அடுக்கி மேலே கடப்பா கல் போடலாம். வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் வைத்து அடித்துத் தரச் சொல்லலாம். பெட்டிக்குப் பழைய பலகை, தக்காளி வருகிற பிளாஸ்டிக் கிரேட், மீன் வருகிற தெர்மகோல் பெட்டி எதுவும் ஆகும். வேண்டாதவை இரண்டு: பெயின்ட் உரியும் பழைய மரம் (பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்), பூச்சி அரிக்காமலிருக்க ரசாயனம் ஏற்றிய ரயில் தண்டவாளக் கட்டை. சாப்பிடுகிற கீரைக்குப் பக்கத்தில் இவை கூடவே கூடாது.

கனம்... கவனம்!

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நாலடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழமுள்ள பெட்டியில் சுமார் 225 லிட்டர் மண் பிடிக்கும். வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பித் தண்ணீரும் ஊற்றினால் கனம் 350 கிலோ வரை போகும். ஆறு பேர் எந்நேரமும் ஒரே இடத்தில் நெருக்கி நிற்கிற மாதிரி! குடியிருப்பு பால்கனிகளுக்கு இந்தியத் தரநிர்ணயக் கணக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ. மேலே சொன்ன பெட்டி சதுர மீட்டருக்கு 450 கிலோவைத் தாண்டிவிடும். பழைய கட்டடம், கம்பி தெரிகிற ஸ்லாப் என்றால் கேட்கவே வேண்டாம். இன்ஜினீயர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வைக்காதீர்கள்.

வழி இருக்கிறது. கீரைக்கு அரையடி ஆழமே போதும், பாதிக் கனம் அங்கேயே குறைந்துவிடும். மண்ணையும் லேசாக்கலாம். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மக்கிய சாணம் அல்லது மண்புழு உரம். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். 2013-14-ல் தமிழகத் தோட்டக்கலைத் துறை சென்னை, கோவை வாசிகளுக்கு மாடித் தோட்டப் பொருள்களை மானிய விலையில் கொடுத்தபோது, பைகளோடு நார்க்கழிவையும் கொடுத்ததற்குக் காரணம் இந்த லேசுதான்.

தொட்டியைக் கட்டடச் சுவரை ஒட்டியே வையுங்கள். கைப்பிடிச் சுவர் ஓரமாகவோ, கிரில் ஓரமாகவோ வேண்டாம். ஓரத்தில் கனம் ஏறுவது ஒருபுறம் இருக்கட்டும், வீட்டில் வால் பையன் இருந்தால் அந்தப் பெட்டி அவனுக்கு ஏணி! ஏறி நின்று கீழே எட்டிப் பார்ப்பான். இதைவிட விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை.

விதைப்போமா?

பெட்டியின் அடியில் அரையடிக்கு ஒன்றாகச் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை போட்டு, ஓட்டின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லை வையுங்கள். அதன் மேல் தேங்காய் மட்டை ஒரு வரிசை, பிறகு மண்கலவை. கீரை விதையைக் கொஞ்சம் மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. தூவியபின் பூவாளியால் மெதுவாகத் தண்ணீர். குடத்தைக் கவிழ்த்தால் விதை ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும்!

வெந்தயக் கீரை இருபது, இருபத்தைந்து நாளில் தயார். சிறுகீரை, முளைக்கீரைக்கு ஒரு மாதம். அரைக்கீரைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் அறுக்க அறுக்கத் துளிர்க்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டுமென்றால் ஓரடி ஆழப் பெட்டி தரைத்தளத்து வாசலில் இருக்கட்டும். வெயில் நாலைந்து மணி நேரமாவது விழ வேண்டும். அவ்வளவு வெயில் வராத பால்கனிக்காரர்கள் புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை போட்டுப் பாருங்கள். கொல்லிமலைக்காரர்கள் மாதிரி கலந்து விதைப்பதும் நல்லது. கீரைக்கு நடுவே ஓரத்தில் ஓர் அவரைக்கொடி ஏறட்டும். அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? நன்றாக வந்தால் ஓர் அறுப்புக்கு ஒரு கிலோ சுற்றிக் கீரை. அவ்வளவுதான். ஒரு பெட்டியை நம்பிக் காய்கறிக்காரரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்! மூன்று பெட்டி வைத்துப் பத்து நாள் இடைவெளியில் விதைத்தால் மாதத்தில் மூன்று அறுப்பு வரும். அதே மாதிரி, கேழ்வரகில் கால்சியம் ஏகப்பட்டது (100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல்) என்பதற்காக அதைப் பெட்டியில் விதைக்க வேண்டாம். ஒரு வேளைக் களிக்குக்கூடக் காணாது. கேழ்வரகைக் கடையில் வாங்குங்கள், பெட்டியைக் கீரைக்கு விடுங்கள்.

அறுத்த பிறகு

கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் 'சி' கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும். கூட்டை இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். அவை இரும்புச்சத்தைத் தடுக்கும். கொல்லிமலைக் காபிக்கொட்டை வாங்கி வந்திருந்தாலும் ஒரு மணி நேரம் கழித்தே டிகாக்ஷன் போடுங்கள்.

இன்னொன்று. ரத்தசோகை என்று டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தால், 'அதான் வீட்டுல கீரை இருக்கே' என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இது ரொம்ப முக்கியம். கீரை துணைதான், மருந்துக்குப் பதில் ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

கொக்கிப்புழு பற்றியும் சொல்ல வேண்டும். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் வழியாக உள்ளே நுழைந்து, குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சும். ரத்தசோகைக்கு இது ஒரு பழைய காரணம். ஆகவே வாசலில் வேலை செய்யும்போது செருப்பு, முடித்தபின் கைக்கு சோப்பு. கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

கடைசியாக, தொட்டியின் கீழே தண்ணீர் பிடிக்க வைக்கிற தட்டு. டெங்குக் கொசு முட்டையிட இதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், தட்டைக் கவிழ்த்து நாரால் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் தட்டில் ஒட்டியிருக்கிற முட்டை அப்படியே இருக்கும். தட்டுக்குப் பதில் ஒரு வாளியை வைத்து, வடிகிற தண்ணீரை மறுநாள் காலை அதே செடிக்கு ஊற்றிவிடுவது இன்னும் சுலபம்.