தரவைக் காப்பது யார்?

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். ஓர் அலுவலகத்துக் கணிப்பொறிப் பதிவில் என் தந்தையார் பிறந்த ஆண்டு 2068 என்றிருந்தது. இன்னும் பிறவாத தந்தைக்கு இருபது வயது மகன்! சிரிக்கத்தக்கதே, ஆனால் திருத்தி வாங்குவதற்குள் கடைசித் தேதி கடந்துவிட்டது.

இப்பிழை எப்படி நேர்ந்திருக்கும்? திரையில் படிவம் நிரப்பும்போது வருங்காலத் தேதியைத் தட்டினால் நிரல் ஏற்காது. ஆனால் பழைய கோப்புகளில் ஆண்டு இரண்டே இலக்கங்களில் இருக்கும். அவற்றை மொத்தமாகத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது, மைஎஸ்க்யூஎல் போன்ற மென்பொருள் 70 முதல் 99 வரையுள்ளவற்றை 1970–1999 என்றும், 00 முதல் 69 வரையுள்ளவற்றை 2000–2069 என்றும் கொள்ளும். 68 என்பது 2068 ஆகிவிடும். படிவத்தின் வழியே வராத தரவுக்குப் படிவத்தின் காவல் ஏது?

நிரல் எழுதுவோரே சரிபார்த்தால் போதும் என்பார் உளர். பிழையைப் பயனருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல நிரலால்தான் முடியும் என்பது மெய்யே. ஆயினும் ஒரே தரவுத்தளத்தை இணையதளம், கைப்பேசிச் செயலி, அலுவலக நிரல் எனப் பல பயன்படுத்துகின்றன. ஒன்று மறந்தாலும் பிழை நுழைந்துவிடும். உறவுமுறைத் தரவுத்தளக் கொள்கையை 1970-இல் வெளியிட்ட எட்கர் காட், 1985-இல் வகுத்த விதிகளுள் பத்தாவது இதுவே: நிபந்தனைகள் தரவுத்தளத்திலேயே பதிந்திருக்க வேண்டும், நிரல்களில் அன்று.

பேருந்து முன்பதிவை எண்ணிப் பாருங்கள். ஓர் இருக்கையை இருவர் ஒரே நொடியில் கேட்கின்றனர். இருவருடைய நிரலும் பார்க்கும்போது இருக்கை காலி, இரண்டும் எழுதிவிடுகின்றன. ‘ஒரு வண்டி, ஒரு தேதி, ஓர் இருக்கைக்கு ஒரே பதிவு’ என்று தரவுத்தளத்தில் நிபந்தனை இருந்தால் இரண்டாவது பதிவு மறுக்கப்படும்.

தரவுத்தளங்களும் குறையற்றவை அல்ல. மைஎஸ்க்யூஎல்லில் ‘செக்’ நிபந்தனையை எழுதினால் அது பிழை காட்டாமல் ஏற்றுக்கொண்டு, பிறகு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்! 2019-இல் வந்த 8.0.16 பதிப்பில்தான் இது மாறியது.

எல்லா விதியையும் தரவுத்தளத்தில் பூட்டிவிடவும் கூடாது. ‘கடைசிப் பெயர் காலியாக இருத்தலாகாது’ என்று பூட்டினால், குடும்பப் பெயரற்ற நம்மவர் வெறும் புள்ளியை இட்டுத் தப்புகின்றனர். வருமான வரம்பு போல அரசாணைதோறும் மாறுவனவும் நிரலிலேயே இருக்கலாம். தந்தையின் பிறந்த தேதி மகனின் பிறந்த தேதிக்கு முந்தியது என்பதை எந்த அரசாணை மாற்றப் போகிறது?