ஊரப்பாக்கத்தில் இருந்துகொண்டு ட்ரவுட் பிடிக்க முடியுமா?

இந்த எபிசோடில் பாதி என் சொந்தக் கதை, பாதி கணக்கு வழக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வாடகை கட்டுப்படி ஆகாம சிட்டிக்குள்ள இருந்து ஊரப்பாக்கத்துக்கு வந்தேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஹிமாச்சல்ல ஒரு ட்ரெக் போயிருந்தேன். அங்கே தீர்த்தன் ஆத்துல முழங்கால் தண்ணில நின்னுக்கிட்டு ஒருத்தர் தலைக்கு மேல நூலைச் சுழட்டிச் சுழட்டி வீசிக்கிட்டு இருந்தார். தூண்டிலைக் கொஞ்ச நேரம் என் கையிலயும் கொடுத்தார். மீன் ஒண்ணும் மாட்டல. ஆனா நான் மாட்டிக்கிட்டேன்.

அதனால ஊரப்பாக்கத்துல பால் காய்ச்சின மறுநாளே மேப்பைத் திறந்து, நீலமா தெரிஞ்ச எல்லாத்தையும் பெரிசாக்கிப் பார்த்தேன். ஆறு இருக்கு. ஆதனூர் பக்கம் தொடங்கற அடையாறு நம்ம வீட்டுல இருந்து சைக்கிள் தூரம்தான். அதில் ட்ரவுட் இருக்குமா? இருக்காது. ஏன்னு புரிஞ்சுக்கிட்டா பாதிப் பணம் மிச்சம்.

ட்ரவுட் குளிர்ந்த தண்ணி மீன். தண்ணி 20 டிகிரிக்குக் கீழ இருந்தாதான் அதுக்கு நிம்மதி. 25ஐத் தாண்டினா மூச்சு விடவே திண்டாடும், ஏன்னா தண்ணி சூடாக ஆக அதில் கரைஞ்சிருக்கற ஆக்சிஜன் குறையும். நம்ம ஊர் ஏரித் தண்ணி மே மாசத்துல எவ்வளவு சூடா இருக்கும்னு கையை விட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அடையாறோ மழைக்காலத்துல வெள்ளம், மத்த நாள்ல பெரும்பாலும் சாக்கடை. 2015 டிசம்பரை முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருக்கறவங்ககிட்ட நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, தமிழ்நாட்டுல ட்ரவுட்டே இல்லையா? இருக்கு, நீலகிரியில. ஆனா அது அங்கே பிறந்த மீன் இல்ல. ஊட்டி குளிருக்குப் பழகின வெள்ளைக்காரங்களுக்கு எல்லாம் இருந்தது, ஊர் மீன் மட்டும் இல்ல. 1860கள்ல ராணுவ மருத்துவரா இருந்த ஃபிரான்சிஸ் டே, ட்ரவுட் முட்டைகளைக் கப்பல்ல கொண்டுவரப் பார்த்தார். இந்திய மீன்களைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதினாரே, அதே டே. வெயில்ல பனிக்கட்டி தாக்குப்பிடிக்கல, முதல் முயற்சி வீணாப் போச்சு. கடைசியில ஹெச். சி. வில்சன் என்ற அதிகாரி 1907ல அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகம் அமைச்ச பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் அந்த ஓடைகள்ல நிலைச்சது. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பொரிப்பகம் இன்னும் அவலாஞ்சியில இருக்கு.

இதைப் படிச்சதும் எனக்குத் தலைகால் புரியல. ஒரே ராத்திரிப் பயணம், காலையில ஊட்டி, மத்தியானம் ட்ரவுட்! தூண்டிலை எப்படிப் பேக் பண்றதுங்கற வரைக்கும் யோசிச்சாச்சு.

இங்கேதான் கவனமா கேளுங்க. அந்த ஓடைகள்ல பெரும்பாலானவை காப்புக்காட்டுக்குள்ள ஓடுது, இல்லன்னா முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள்ள. காப்புக்காட்டுல அனுமதி இல்லாம மீன் பிடிக்கறது குற்றம்னு 1882ஆம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டத்துலயே இருக்கு. தேசியப் பூங்கான்னா கேக்கவே வேணாம், காலை உள்ள வைக்கறதுக்கே அனுமதி வேணும். அவலாஞ்சிக்குச் சுற்றுலாவா போனா வனத்துறை வண்டியில ஏறி, அவங்க நிறுத்தற இடத்துல இறங்கி, வேடிக்கை பார்த்துட்டு வரலாம். அவ்வளவுதான். 'எனக்கு ஆள் தெரியும், எஸ்டேட் வழியா கூட்டிட்டுப் போறேன், தலைக்கு ரெண்டாயிரம்'னு ஒருத்தர் எங்கிட்டயும் சொன்னார். மாட்டினா அந்த ஆள் ஓடிருவார், கேஸ் உங்க மேல வரும். உண்மையா சொல்றேன், நான் ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். போகல.

அப்ப என்னதான் வழி? நான் கண்டுபிடிச்ச பதில் இது: ஃபிளை ஃபிஷிங்கை இங்கே கத்துக்கணும், ட்ரவுட்டை வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே போய்ப் பார்க்கணும். ஏன்னா செலவு மீன்ல இல்ல, கத்துக்கறதுலதான் இருக்கு. வீசத் தெரியாம மலைக்குப் போனா முதல் மூணு நாள் மரத்துல மாட்டின நூலை எடுக்கவே சரியாப் போயிடும்.

சாதாரணத் தூண்டில்ல ஈயக்குண்டோட கனம் நூலை இழுத்துக்கிட்டுப் போகும். ஃபிளையில அது தலைகீழ். கொக்கியில சுத்தின இறகும் நூலும் சேர்ந்த அந்தப் பொய்ப் பூச்சிக்குக் கனமே கிடையாது. நூல்தான் தடிப்பா, கனமா இருக்கும். அந்த நூலைப் பின்னாடி விரியவிட்டு, முழுசா நீண்ட அந்த நொடியில முன்னாடி தள்ளணும். சீக்கிரம் தள்ளினா சாட்டை மாதிரி சொடுக்கும், பூச்சி அறுந்து போகும். லேட்டா தள்ளினா நூல் தரையில விழும். இந்த ஒரு நொடியைக் கத்துக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு.

எங்கே கத்துக்கிட்டேன்? காலையில ஆறு மணிக்கு, எங்க தெரு முனைல இருக்கற காலி மனைல. கொக்கி கிடையாது, நுனியில சிவப்பு உல்லன் துண்டு. எதிர் வீட்டுச் சின்னப் பையன் நாலு நாள் பார்த்துட்டு அஞ்சாவது நாள் கேட்டான்: "அண்ணா, தண்ணியே இல்லாத இடத்துல என்ன மீன் பிடிக்கிறீங்க?" என்கிட்ட பதில் இல்ல.

சாமான் செலவு: பழைய ஒன்பதடி ராடு, சுருள், நூல் எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். நூலோட கன எண் 5. ட்ரவுட்டுக்கும் போதும், நம்ம ஜிலேபிக்கும் போதும். ஆமா, ஜிலேபி கெண்டை. தண்ணி மேல மிதக்கற பூச்சியை அதுவும் எடுக்கும், குறிப்பா சாயங்காலம் காத்து நின்ன பிறகு. கொக்கி முனைல இருக்கற முள்ளை இடுக்கியால நசுக்கிடுங்க, மீனைக் கழட்டறது சுலபம். கரையில சீமைக் கருவேலம் இருந்தா பின்னாடி வீச இடம் இருக்காது. அதுக்கு நூலைத் தண்ணி மேலயே உருட்டித் தள்ற ஒரு வீச்சு இருக்கு, அதையும் கத்துக்கணும்.

ஆனா ஏரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஏரி பொதுச் சொத்துதானேன்னு நான் நினைச்சேன். மீன் அப்படி இல்ல. நிறைய ஏரிகள்ல மீன்பாசி ஏலம் விட்டிருப்பாங்க. பணம் கட்டி ஏலம் எடுத்து, குஞ்சு வாங்கி விட்டவருக்குத்தான் அந்த மீன் சொந்தம். அதனால முதல்ல குத்தகைக்காரரைக் கண்டுபிடிங்க. கரையோர டீக்கடையில கேட்டா சொல்லிடுவாங்க. நான் போற ஏரியில, பிடிச்சதைத் திரும்ப விட்டுடறேன்னு சொன்னதும் அந்த அண்ணன் சிரிச்சுட்டு, "அப்புறம் எதுக்குப்பா பிடிக்கிற?"ன்னு கேட்டார். ஆனா விட்டார். ஏரி பேரைச் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை நூறு பேர் போய் நின்னா எனக்கும் கதவு சாத்திடுவார். வண்டலூர் பூங்காவுக்குள்ள இருக்கற ஓட்டேரி பக்கம் மட்டும் யாரும் யோசிக்கவே வேணாம், அது பறவைங்களுக்கான இடம்.

அந்த ஏரியிலதான் நான் ஒரு தப்பு செஞ்சேன். ஓரத்துல தண்ணி சிவப்பா கொதிக்கற மாதிரி இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தா நூத்துக்கணக்குல சின்னக் குஞ்சு. அது மேல பூச்சியைப் போட்டேன். போட்ட உடனே கீழ இருந்து ஒரு பெரிய விரால் வந்து அடிச்சது. என் வாழ்க்கையிலயே பெரிய மீன். கை நடுங்கிக்கிட்டே போட்டோ எடுத்துட்டிருந்தேன். கரையில மாடு மேய்ச்சுக்கிட்டிருந்த தாத்தா வந்து சொன்னார்: "தம்பி, அது பசிக்கு அடிக்கல. குஞ்சுக் காவல்ல இருக்கு. நீ அதைத் தூக்கி வெச்சிருக்கற நேரத்துல ஜிலேபி வந்து குஞ்சைத் தின்னுட்டுப் போயிடும்." உடனே விட்டேன். திரும்பிப் பார்த்தா அந்தச் சிவப்பு பாதியா குறைஞ்சிருந்தது. அந்த போட்டோவை நான் எங்கேயும் போடல. சிவப்புக் குஞ்சு தெரிஞ்சா இப்ப வேற பக்கம் நடந்துடுவேன்.

இப்ப ட்ரவுட் கணக்கு. சென்ட்ரல்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், டெல்லி வரைக்கும் ஸ்லீப்பர் ஆயிரத்துக்குள்ள வந்தது. டெல்லியில குல்லு, மணாலி போற ராத்திரி பஸ் ஏறி, ஔட் என்ற இடத்துல சுரங்கப்பாதைக்கு முன்னாடி இறங்கணும். அங்கிருந்து பஞ்சார் வழியா தீர்த்தன் பள்ளத்தாக்கு, லோக்கல் பஸ்லயே போகலாம். அங்கே மீன்வளத்துறை உரிமம் கொடுக்கும், எனக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மூடிடுவாங்க, பிரவுன் ட்ரவுட் முட்டை போடற காலம். ஜூலை, ஆகஸ்ட்ல ஆறு கலங்கி இருக்கும். நான் போனது மார்ச் கடைசி. தேசியப் பூங்கா எல்லை எங்கே ஆரம்பிக்குதுன்னு உரிமம் வாங்கும்போதே கேட்டுக்குங்க. சாப்பாடு, ஹோம்ஸ்டே எல்லாம் சேர்த்து எனக்குப் பதினாலாயிரம் ஆச்சு. ரயில்ல போக நாலு நாள் போயிடும், லீவு இல்லாதவங்களுக்கு அதுதான் பெரிய செலவு.

நாலு நாள் வீசினேன். மூணாவது நாள் சாயங்காலம் ஒண்ணு. கை நீளம்கூட இல்ல, விலாவுல சிவப்புப் புள்ளி. தண்ணிக்குள்ளயே வெச்சுக் கழட்டி விட்டேன். அன்னிக்கு ராத்திரி எதிர் வீட்டுப் பையனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "தண்ணி இருந்துச்சா அண்ணா?"ன்னு கேட்டான்.