சீவாளி கற்பித்த பாடம்

இருபது வருஷமாகப் புல்லாங்குழல் ஊதுகிறவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. காஞ்சி வரதராஜப் பெருமாளின் வைகாசிக் கருட சேவையில் நாகஸ்வரம் கேட்கும்போதெல்லாம், "அதுவும் துளைக்கருவிதானே! நம்மால் முடியாதா?" என்று தோன்றும்.

சென்ற மாதம் தெரிந்த வித்வான் ஒருவரின் வீட்டுக்கே போய்விட்டேன். அவர் எடுத்துத் தந்தது கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது. அவ்வூர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நாணல் சீவாளியை நனைத்துக் கெண்டையில் செருகிக் கொடுத்தார். கன்னம் உப்ப ஊதினேன். முதலில் வெறுங் காற்று. பிறகு கன்றைப் பிரிந்த பசுவின் கதறல்!

"விரலை மறந்துவிடுங்கள், வாத்தியாரையா! சுரம் உதட்டில் இருக்கிறது" என்றார் அவர்.

உண்மைதான். குழலில் துளையைப் பாதி மூடி அரைச்சுரம் பிடிக்கிறோம். நாகஸ்வரத்திலோ விரலுக்கு ஏழு துளைகள். மேல்நாட்டு ஓபோவுக்கு உள்ளதுபோல் சாவிகள் இல்லை. இடைப்பட்ட சுரங்களைப் பெரும்பாலும் சீவாளியை உதடு அழுத்தும் பக்குவமும் மூச்சின் வேகமுமே தரவேண்டும். அதற்கு வருஷக்கணக்கான விடியற்காலைச் சாதகம் தேவை.

அச்சமயம் அவருடைய பேரன், என் வகுப்பில் கணக்குக்குப் பூஜ்யம் வாங்குகிறவன், கருவியை வாங்கிக் கல்யாணியை இழைத்தான். பிரமித்துப் போனேன். "காலையில் ஊதுவதை நிறுத்திக் கணக்குப் போடச் சொல்லுங்கள்" என்று சென்ற வருஷம் சொல்லியனுப்பியவன் நானேதான்!

"உங்கள் வார்த்தையைத் தட்டலாமா? இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் ஊதுகிறான்" என்றார் கிழவர். அவர் குரலில் குறையே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

இப்பொழுது மாலையில் நானே அங்கே போய்க் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். விடியற்காலை சீவாளிக்கே.