கோர்ட் ‘அட்டாச்’ செய்தால்…

விபத்து இழப்பீட்டைக் கட்டாத அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்ஸை, பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கிக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுகிறார் கோர்ட் அமீனா. ஏறி உட்கார்ந்த பயணிகள் மூட்டையோடு இறங்குகிறார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு இது பழகிய செய்தி. ‘பஸ் ஜப்தி’ என்று தலைப்பிடுவார்கள். வக்கீல்கள் வாயில் அதுவே ‘அட்டாச் பண்ணிட்டாங்க’. இமெயிலில் போட்டோவைச் சேர்க்கும் அதே வினைச்சொல்தான். கோர்ட் வாசலுக்குள் போனதும் அதற்குப் பூட்டுப் போடும் குணம் வந்துவிடுகிறது.

பஸ்ஸையாவது ஓட்டிக்கொண்டு போய் கோர்ட் வளாகத்தில் நிறுத்தலாம். நிலத்தை? 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வழி சொல்கிறது. உத்தரவை அந்த இடத்திலோ பக்கத்திலோ பறையடித்தோ, வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும். நகலைச் சொத்தில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். பிறகு கோர்ட் கட்டடத்திலும். தண்டோரா வேண்டாமென்று தமிழக அரசு 2022-லேயே சொல்லிவிட்டது. சட்டப் புத்தகத்தில் பறை இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஒட்டிய தாளை ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் உண்டு. தாள் போனாலும் ஜப்தி போகாது. அதற்குப் பிறகு மைத்துனன் பேருக்கே எழுதி வைத்தாலும், 64-ஆம் பிரிவின்படி அந்தக் கிரயம் கடன் கொடுத்தவரின் உரிமையைத் தொட முடியாது.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது 60-ஆம் பிரிவு. எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்ற பட்டியல் அது. கடனாளி, மனைவி, பிள்ளைகள் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றில் கைவைக்க முடியாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையும் அப்படியே. தாலி என்று பேர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கைவினைஞரின் கருவிகள் தப்பும். விவசாயியின் ஏரும், பிழைப்புக்குத் தேவையென்று கோர்ட் கருதுகிற மாடும் விதைநெல்லும் தப்பும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் ஒரு வீட்டின் அடுப்படி வரை யோசித்திருக்கிறது.

சம்பளக்காரர் விஷயத்தில் மட்டும் யோசனை பாதியில் நின்றுவிட்டது. ஜீவனாம்ச வழக்கு தவிர மற்றவற்றில், சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு. பங்கு சரி. அந்த 1,000 ரூபாயை இன்று காய்கறிக் கடைக்கு எடுத்துப் போனால் பை நிறையாது. அந்தத் தொகையைத் திருத்தி எழுத வேண்டும்.