தன்னுருவ ஓவியமும் முன்னோர் வழியும்

மனிதன் தன் முகத்தைத் தானே நேரிற் காணும் ஆற்றலுடையனல்லன். கண்ணாடியும் தெளிந்த நீரும் அவனுக்குக் காட்டுவன நிழலேயன்றி முகமன்று. ஆதலின் ஓவியன் ஒருவன் தன்னைத்தானே வரையப் புகுங்கால், காண்போனும் காணப்படுவோனும் தானேயாகிய ஓர் இடர்ப்பாட்டிற்கு உள்ளாகின்றான். அவ்வாறு வரையப்படுவது தன்னுருவ ஓவியம் எனப்படும். அத்தகைய ஓவியத்தில் மற்றொருவனுடைய வழியைப் பின்பற்றுதல் பொருந்துமோ? தன்னைக் காட்டவேண்டிய இடத்திற் பிறன் கையைக் கடன் வாங்குவோன் தன்னை இழந்துவிடானோ? இவ்வையத்தை அகற்றுதற்கு ஆலந்து நாட்டு ஓவியராகிய வின்சென்ட் வான் கோ என்பாரது வரலாறு பெரிதும் துணை செய்யும். அவர் அச்சுப்படம் வரைந்த முன்னோர் சிலரை ஆசிரியராகக் கொண்டு, தம்மை மூவேறு வகையாகத் தீட்டினார். அவற்றை முறையே ஆராய்வாம்.

வான் கோ 1853-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் சபைப் போதகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். ஓவிய வணிக நிலையமொன்றில் அலுவலேற்று 1873-ஆம் ஆண்டு இலண்டன் நகர் சேர்ந்தார். ஆங்கு ‘தி கிராபிக்’ முதலிய படப் பத்திரிகைகளை அச்சிடுவோரது கடையின் முன் வாரந்தோறும் சென்று நின்று, புதிதாக வெளிவந்த படங்களைக் கண்டு மகிழ்தல் அவருக்கு வழக்கமாயிற்று. பின்னர் அவ்வேலையை விட்டு, 1878-ஆம் ஆண்டின் இறுதியிற் பெல்ஜிய நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே உபதேசியாராக ஊழியம் செய்யச் சென்றார். அதுவும் நிலைக்கவில்லை. 1880-ஆம் ஆண்டில், தமது இருபத்தேழாம் வயதில், ஓவியமே தம் தொழில் எனத் துணிந்தார். வறுமை வருத்திய 1883-ஆம் ஆண்டிலும் ‘தி கிராபிக்’ பத்திரிகையின் பழைய தொகுதிகள் இருபத்தொன்றை விலை கொடுத்து வாங்கினார் எனின், அப்படங்கள்பால் அவர்க்கிருந்த காதல் எத்துணையது என்பது விளங்கும்.

அக்காலத்துப் பத்திரிகைப் படம் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதனை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். ஓவியன் வரைந்த படத்தைச் செதுக்குவோன் வழவழப்பான மரக்கட்டையொன்றன்மீது அமைப்பான். வெண்மையாக நிற்கவேண்டிய இடங்களை உளியாற் குடைந்து நீக்குவான். எஞ்சி மேலெழுந்து நிற்கும் கோடுகளில் மட்டுமே மை பற்றும். வண்ணம் என்பது அங்கில்லை. கோடுகள் நெருங்கிய இடம் இருளாகவும், அகன்ற இடம் ஒளியாகவும் தோன்றும். ஆகவே இப்படங்களுக்குக் கோடே உயிர். வறியோர், முதியோர், வீடற்றோர், தொழிலாளர் ஆகியோரே பலவற்றிற்குப் பொருளாயினர். வான் கோவின் உள்ளத்தைப் பிணித்தவை இவ்விரண்டுமேயாம்.

நிற்க. முதல்வகைத் தன்னுருவம் கண்ணாடியைக் கொண்டு வரைந்ததாகும். வான் கோ இவ்வகையில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஓவியங்கள் தீட்டினர். அவற்றுட் பெரும்பாலன 1886 முதல் 1888 வரை அவர் பாரிசு நகரில் வாழ்ந்த காலத்தன. இதனைத் தற்பெருமை என்று கருதற்க. முன்னமர்ந்து உருக்கொடுப்பார்க்குக் கூலி கொடுக்க அவரிடம் பொருளில்லை. கண்ணாடியோ கூலி கேளாது. அந்நாளில் அவர் சப்பானிய அச்சுச் சித்திரங்களைத் திரட்டிப் பயின்றனர். அதன் பயனாக 1888-ஆம் ஆண்டு தம்மை மொட்டைத் தலையினராய், பௌத்த துறவி போன்ற தோற்றத்தினராய், கண்களையும் சப்பானிய முறையிற் சிறிது சாய்த்து வரைந்து, நண்பர் போல் கோகேனுக்கு அளித்தார். 1889-ஆம் ஆண்டு சனவரியில், காதில் கட்டுடன் தம்மை வரைந்த படத்திற் சப்பானியச் சித்திரமொன்று பின்சுவரிலேயே தொங்கக் காணலாம். அவர் அறுத்துக்கொண்டது இடக்காது. படத்திற் கட்டு வலப்புறத்தே தோன்றும். கண்ணாடி இடத்தை வலமாக்கிக் காட்டுதலே இதற்குக் காரணம். இதனால் கண்ணாடியும் முழு உண்மை கூறும் சான்றன்று என்பது பெறப்படும்.

இரண்டாம் வகை, முகமே இல்லாத தன்னுருவம். முகமின்றித் தன்னுருவம் உளதாமோ என்று வியப்பார்க்கு அதன் வரலாற்றைக் கூறுவேன். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1870-ஆம் ஆண்டு சூன் மாதம் காலமானார். அவரது இறுதி நாவலுக்குப் படம் வரைந்து வந்தவர் லூக் பைல்ட்ஸ் என்னும் இளைஞர். அவர் டிக்கன்சின் இல்லத்திற் புகுந்து, ஆசிரியர் இருந்தெழுதிய நாற்காலி வெறுமையாகக் கிடத்தலைக் கண்டு உள்ளம் உருகி, அதனையே வரைந்தார். ‘வெற்று நாற்காலி’ என்னும் அப்படம் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் ‘தி கிராபிக்’ பத்திரிகையில் வெளிவந்தது. ஆள் ஒருவருமில்லை, மேசையும் நாற்காலியுமே உள. ஆயினும் டிக்கன்சை அதனினும் நன்கு காட்டும் படம் அரிது.

வான் கோ இப்படத்தை உயிரெனப் போற்றி, 1882-ஆம் ஆண்டில் தம் தம்பி தியோவிற்கு அதன் வரலாற்றை விரித்தெழுதினர். அதற்கு அவர் நெஞ்சில் முன்னரே இடமிருந்தது. 1878-ஆம் ஆண்டு, தம்மைக் காணவந்த தந்தையாரை வழியனுப்பிவிட்டு அறைக்கு மீண்டவர், தந்தை அமர்ந்திருந்த நாற்காலியைக் கண்டு, விரைவில் மீண்டும் காண்போம் என்று அறிந்தும், குழந்தை போல் அழுதாராம். பத்தாண்டு கழித்து, 1888-ஆம் ஆண்டின் இறுதியில், பிரெஞ்சு நாட்டு ஆர்ல் என்னும் ஊரிற் கோகேனோடு ஒரே வீட்டில் வாழ்ந்த காலத்து இரண்டு நாற்காலிகளை வரைந்தார். கோகேனுடையது கைப்பிடியுள்ளது, அதன்மேல் எரியும் மெழுகுவர்த்தியும் இரு நாவல்களும் உள, காலம் இரவு. தம்முடையதோ கோரை வேய்ந்த எளிய மர நாற்காலி, அதன்மேற் புகைக்குழாயும் புகையிலையும் உள, காலம் பகல். பின்புறத்தே முளைவிட்ட வெங்காயப் பெட்டியொன்றில் ‘வின்சென்ட்’ என்று தம் பெயரைப் பொறித்திருக்கின்றார். இந்நாற்காலிகள் பைல்ட்சின் படத்திலிருந்து கிளைத்தவை என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. இலண்டன் தேசிய ஓவியக் கூடத்திலுள்ள அம்மஞ்சள் நாற்காலியை நோக்குவார், இங்கே எளியவன் ஒருவன் இருந்தான் என்பதனை எவரும் சொல்லாமலே உணர்வர்.

இனி மூன்றாவது வகை. இதுவே மூன்றனுள் ஆழமுடையது. குஸ்தாவ் டோரே (1832–1883) என்னும் பிரெஞ்சுச் சித்திரக்காரர் பெயரைக் கிறிஸ்தவருட் பலர் அறிவர். 1866-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய வேதாகமப் படங்கள் உலகெங்கும் பரவின. அவர் இலண்டன் நகர வாழ்வைச் சித்திரித்து 1872-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நியூகேட் சிறைச்சாலையின் முற்றம் ஒரு படமாக உளது. நாற்புறமும் உயர்ந்த மதில்; அடியிற் கிணற்றின் உள்ளிருப்பார்போற் கைதிகள் ஒருவர்பின் ஒருவராக வட்டமிட்டு நடக்கின்றனர். அவ்வட்டத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

1889-ஆம் ஆண்டு மே மாதத்தில் வான் கோ மனநோயால் வருந்தி, சான் ரெமி என்னும் ஊரிலுள்ள மருத்துவ விடுதியில் தாமே சென்று சேர்ந்தார். நோய் மிகுந்த நாட்களில் வெளியே சென்று வரைய இயலவில்லை, உருக்கொடுப்பாரும் இல்லை. அந்நாளில் தம்பி அனுப்பிய அச்சுப்படங்களைப் பார்த்து எழுதலானார். இது வெறும் படியெடுப்பு அன்று என்பதும், கருமையும் வெண்மையுமாகிய மொழியிலிருந்து வண்ணமாகிய மொழிக்குப் பெயர்ப்பதே தம் செயல் என்பதும் அவர் கடிதங்களால் அறியப்படும். இசைவாணன் ஒருவன் பேரறிஞன் இயற்றிய இசையைத் தன் உணர்வு கலந்து வாசித்தல் போலும் இது என்றும் அவர் விளக்கினர்.

அம்முறையில் 1890-ஆம் ஆண்டு பெப்ருவரியில் டோரேயின் சிறைமுற்றத்தை எழுதினார். அது மிகக் கடினமான வேலையென்று தம்பிக்குத் தெரிவித்தார். டோரேயின் மெல்லிய கோடுகள் இங்கே தடித்த தூரிகை வீச்சுக்களாயின. இருள் நீலமும் பசுமையுமாயிற்று. மேலே மதிலருகே வெண்மையான இரு சிறு வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. வட்டத்தின் முன்னே நடப்பவன் தலையில் தொப்பியில்லை, செம்பட்டை மயிர், கைகள் சோர்ந்து தொங்க, நம்மை நோக்கி முகந் திருப்புகின்றான். அம்முகம் வான் கோவின் முகமே என்று காண்போர் பலர் கூறுவர். அவர் தாமே அவ்வாறு எழுதிவைத்தாரல்லர். ஆயினும், அடைபட்டிருந்தவர் ஒருவர், உலகத்துப் படங்கள் பலவற்றுள்ளும் சிறைப்படத்தைத் தேடிப் பெற்று எழுதினார் என்பது ஒன்றே போதும். அவ்வாண்டு மே மாதத்தில் இரெம்பிராண்டின் செதுக்குப் படமொன்றைத் தழுவி எழுதிய ‘லாசருவின் உயிர்த்தெழுதல்’ என்னும் ஓவியத்திலும், கல்லறையினின்று கண்விழிக்கும் லாசருவிற்குச் செந்தாடியே உளது. சிறையில் நடந்தவன் உயிர்த்தெழவும் விரும்பினான் போலும்! அவ்வாண்டு சூலை மாதம் 29-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

இக்கட்டுரையை எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. யான் வெண்பா இயற்றப் பழகுங்கால், நண்பரொருவர் அதனைப் படித்துப் பார்த்து, “ஓசை பழையது, அணி பழையது, இதில் உன்னுடையது யாது?” என்று வினவினார். அன்று விடை கூற அறியாது நின்றேன். தமிழிலக்கணமோ வழிநூலை இழிவாகக் கூறிற்றில்லை. தொகுத்தும், விரித்தும், தொகுத்து விரித்தும், மொழிபெயர்த்தும் செய்தல் என வழிநூலை நான்காக வகுத்தது தொல்காப்பியம். முன்னோர் முடிபோடு ஒத்துப் பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்தல் வழிநூலின் இயல்பென்பது நன்னூலார் கருத்து. ஓவியத்திற்கும் இஃது ஒக்கும்.

ஆயினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. பார்த்து எழுதுதல் எல்லாம் தன்னுருவம் ஆகாது. டோரேயின் படத்தை ஆயிரவர் படியெடுக்கலாம். அவை ஆயிரம் படிகளேயாம். வெற்று நாற்காலியின்முன் அழுதவனுக்கே பைல்ட்சின் நாற்காலி பயன்பட்டது. மதிலுக்குள் வாழ்ந்தவனுக்கே டோரேயின் மதில் பயன்பட்டது. முன்னோர் அமைத்த வடிவம் ஒரு வீடு போன்றது. அதில் வாழ்வு நடத்துவோன் உண்டேல் அது அவன் வீடாம். இல்லையேற் பிறன் வீடேயாம். ஆகவே நண்பருக்கு இன்று விடை கூறுவேன்: ஓசை பழையதாயிருக்கலாம், அதனுள் யான் பட்டதொன்றை வைத்தேனா என்பதே வினா. அவ்வெண்பாவில் யான் ஒன்றும் வைக்கவில்லை. இனி எழுதுவதில் வைக்க முயல்வேன்.