"வீட்டுக்காரர் பேரைச் சொல்லும்மா!" "அவருதாங்க!"

மாலை ஆறு மணி. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரெயில். பூங்கா நிலையம் தாண்டியதும் பெட்டிக்குள் செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கூவத் தொடங்குகின்றன. பெண்கள் போனை எடுத்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "என்னங்க...". ஆண்கள் சொல்லும் முதல் வார்த்தை, "ம்... சொல்லு."

எழும்பூரில் ஏறிய ஒரு அம்மாள் கூட்டத்தில் கணவரைத் தவற விட்டுவிட்டார். "என்னங்க!" என்று உரக்கக் குரல் கொடுத்தார். திரும்பிப் பார்த்தவர்கள் நான்கு பேர்! நான்கு பேரும் கல்யாணம் ஆனவர்கள் என்பது அவர்கள் திரும்பிய வேகத்திலேயே தெரிந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் ஒருவர்தான் திரும்பியிருப்பார். அதுதான் முடியாதே! கணவன் பெயரை மனைவி வாயால் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று பாட்டிமார்கள் பயம் காட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு கல்லூரியில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் "வாடா, போடா" என்கிறார்கள். கேட்கிற மாமியாருக்குத்தான் மயக்கம் வருகிறது. ஆனால் அந்த மாமியார் வயதுப் பெண்களில் எத்தனையோ பேர் இன்னும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பழந்தமிழிலும் இந்த வழக்கம் உண்டு. அகப்பாட்டில் காதலர் பெயர் வராது. தலைவன், தலைவி, அவ்வளவுதான். பெயரைச் சுட்டிச் சொன்னால் அது அகம் ஆகாது என்பது தொல்காப்பியர் விதி.

வீடு ஊருக்குப் போகுமா?

ஆண்களுக்கு ஆயுள் பயம் கிடையாது. வீட்டுக்குள் மனைவியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் நாலு பேர் நடுவில் அந்தப் பெயர் வாயில் வராது.

"வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க. ஓட்டல் சாப்பாடுதான்."

"இந்தப் புடவையை எடுத்துட்டுப் போனா வீட்ல திட்டுவாங்க சார்."

தமிழ் தெரியாதவர் இதைக் கேட்டால், இந்த ஊரில் வீடுகள் ஊருக்குப் போகும், திட்டும் என்றுதான் நினைத்துக்கொள்வார்!

பாரிமுனைக் கடைக்காரருக்கு 'சம்சாரம்'. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு 'மிஸ்ஸஸ்' அல்லது 'ஒய்ப்'. 'பொண்டாட்டி' என்ற சொல்லைச் சண்டையிலும் சொல்லலாம், கொஞ்சலிலும் சொல்லலாம். எது எது என்பது குரலில் இருக்கிறது.

மேடை ஏறினால் அதே மனிதருக்கு 'துணைவியார்' வந்துவிடுகிறது. இது திராவிட இயக்க மேடைகள் பரப்பிய சொல். சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்களில் 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' என்று போடுவார்கள். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் சட்டசபையில் மசோதா நிறைவேறி, 1968-ல் அந்தத் திருமணங்கள் சட்டப்படி செல்லுபடி ஆயின. துணை என்றால் இருவரும் ஒருவருக்கொருவர் துணை. நல்ல சொல்தான். ஆனால் மேடையை விட்டு இறங்கியதும் "ஏய், தண்ணி கொண்டா" ஆகிவிடுகிறது!

புலவர்கள் 'இல்லாள்' என்பார்கள். அதற்கு ஆண்பால் தேடினால் 'இல்லான்' வருகிறது. ஒன்றும் இல்லாதவன் என்று பொருள்! மாதக் கடைசியில் ரொம்பப் பொருத்தம்.

எந்த வீட்டுக்காரர்?

பெண்கள் பக்கம் வருவோம். சென்னையில் பெரும்பாலும் 'வீட்டுக்காரர்'. ராயபுரத்தில் அது 'வூட்டுக்காரரு'. மயிலாப்பூர் அக்ரகாரத்து மாமி 'ஆத்துக்காரர்' என்பார். அகம் என்றால் வீடு. ஆக மூன்றும் ஒரே சொல்தான். 'ஆம்படையான்' கூட அகமுடையான் என்பதிலிருந்து வந்ததே.

இதில் ஒரு சங்கடம். வாடகைக்கு வீடு விட்டவரும் வீட்டுக்காரர்தான். "வீட்டுக்காரர் ரொம்பத் தொந்தரவு பண்றாரு" என்று ஒரு பெண் குழாயடியில் சொன்னால், எந்த வீட்டுக்காரர் என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, சென்னைவாசிகள் மற்றவரை 'ஹவுஸ் ஓனர்' ஆக்கிவிட்டார்கள்.

மாமன் மகனை, அத்தை மகனை, சொந்த மாமனையே கட்டிக்கொண்ட குடும்பங்களில் பழைய உறவு முறையே தொடர்கிறது. மாமா, மச்சான், அத்தான். சிறு வயதிலிருந்து கூப்பிட்ட சொல். சொந்தத்தில் கட்டாதவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் ஒரு பெண் "மாமா!" என்றால் தாய்மாமன், மாமனார், புருஷன் மூவரும் எழுந்து வருகிறார்கள். சென்னைத் தெருவில் இன்னும் ஆபத்து. இங்கே 'மாமா' என்றால் போலீஸ்காரரும்கூட. ஹெல்மெட் போடாத பையன்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுவார்கள்!

கோவைப் பக்கத்துப் பெண்ணின் "ஏனுங்க", யாழ்ப்பாணத்துப் பெண்ணின் "இஞ்சாருங்கோ" இரண்டையும் இப்போது இந்த ஊரில் கேட்கலாம்.

கோபத்துக்குத் தனி அகராதி. காலையில் 'அவரு'. சம்பளக் கவர் இளைத்து வந்தால் 'அந்த மனுஷன்'. குடித்துவிட்டு வந்தால் 'இந்த ஆளு'. பக்கத்து வீட்டார் இதை வைத்தே அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பிள்ளை பிறந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. "பாப்பா அப்பா வந்தாச்சா?" "தம்பி அப்பாவுக்குக் காய்ச்சல்." செல்போனில் நம்பரைப் பதிந்து வைத்திருப்பதுகூட 'பாப்பா அப்பா' என்றுதான். இந்த வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பிள்ளை இல்லாத பெண் யாருடைய அப்பா என்று சொல்வாள்? இருபது வருடம் குடித்தனம் நடத்தியும் "இந்தாங்க", "ஏங்க" என்பதோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. நாலு பேர் கூடிய இடத்தில் அந்தக் குறை வெளியே தெரிந்துவிடுமே என்று வாயைத் திறக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

க/பெ

சர்க்கார் விண்ணப்பங்களில் 'த/பெ' என்றும் 'க/பெ' என்றும் போட்டிருக்கும். தகப்பனார் பெயர், கணவர் பெயர். இந்த 'க/பெ' வந்ததும் பல பெண்களின் வாய் பூட்டிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்ப்பார்கள். "நீ சொல்லுடா." பிள்ளை இல்லாவிட்டால் வரிசையில் பின்னால் நிற்பவரிடம் ரேஷன் கார்டை நீட்டுவார்கள்.

பெயர் சொல்லாததால் பெரிய நஷ்டமே வந்தது உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52ல் நடந்தது. வாக்காளர் பட்டியல் தயாரிக்கப் போனபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரையே சொல்லவில்லை. 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே எழுதிக்கொண்டார்கள். அது செல்லாது என்று தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்கள் சுமார் 28 லட்சம் பேர்! பீகார், உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் பக்கத்துப் பெண்கள்தான் அதிகம். அங்கே பெண்கள் மறைத்தது சொந்தப் பெயரை. நம் ஊரில் மறைப்பது புருஷன் பெயரை.

அஞ்சுக்கு மேல ஒண்ணு

என் பெரியம்மா கதையைச் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்கு முருகன் பெயர்களில் ஒன்று. பெரியம்மா கந்தகோட்டத்துக்குப் போனாலும் "அப்பனே" என்றுதான் கும்பிடுவார். காய்கறி வாங்கும்போது எண்ணுவதைக் கேட்க வேண்டும். "மூணு, நாலு, அஞ்சு, அஞ்சுக்கு மேல ஒண்ணு, ஏழு..." பெரியப்பா பெயர் என்ன என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். பெரியம்மா சொல்லாததை நானும் இங்கே எழுதவில்லை.

குழந்தைகளாக இருந்தபோது நாங்கள் அதை வைத்து விளையாடுவோம். "பெரியம்மா, அஞ்சும் ஒண்ணும் எத்தனை?" என்று கேட்டுவிட்டு ஓடுவோம். பெரியப்பாவும் சிரிப்பார்.

பெரியப்பா போனபிறகு சிரிப்பு நின்றது. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், கரண்டு கார்டில் பெயர் மாற்றம். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரே கேள்விதான். நாற்பது வருடம் பத்திரமாக வாய்க்குள் வைத்திருந்த பெயரை ஊர் முழுக்கக் கேட்டார்கள். ஆயுள் குறையும் என்ற பயமும் இனி இல்லை. அப்படியும் வரவில்லை.

ஒரு அலுவலகத்தில் நான் கூடப் போயிருந்தேன்.

"புருஷன் பேரு என்னம்மா?"

பெரியம்மா ஒரு கை விரல்களை விரித்து, அதோடு இன்னொரு விரலைச் சேர்த்துக் காட்டினார். பிறகு தன் முகத்தைத் தொட்டார்.

"என்னம்மா, விளையாடறியா? பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு."

நான் சொல்ல வாயெடுத்தேன். "நீங்க பேசாதீங்க சார். அவங்கதான் மனுதாரர். அவங்களே சொல்லட்டும்" என்றார் குமாஸ்தா.

பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலம்மா. சத்தமா."

சத்தமாகவே சொன்னார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார். பெரியம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு.

"தம்பி, முத எழுத்து குறில் போட்டிருக்கீங்க. அவரு பேருல நெடில்."

குமாஸ்தா அடித்துத் திருத்தி எழுதினார்.

வெளியே வந்ததும் பிளாட்பாரத்தில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். பத்து வாங்கினார். கடைக்காரர் பையில் போடப் போட, பெரியம்மா வாய்விட்டு எண்ணினார்.

"மூணு, நாலு, அஞ்சு, அஞ்சுக்கு மேல ஒண்ணு, ஏழு..."