பலகையைப் படித்த பிள்ளைக்கும் கண்ணாடி வேண்டுமா?

அரையாண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகத்தை எழுப்புகின்றன: பள்ளியில் பார்வை நன்றாயிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள், பிள்ளையோ புத்தகத்தை எடுத்தாலே தலைவலி என்கிறான், எதை நம்புவது?

இரண்டும் மெய்யாயிருக்கலாம். 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தில் ஆறாம் வகுப்பு முதலான மாணவரை முதலில் சோதிப்பவர் பயிற்சி பெற்ற உபாத்தியாயர்; ஆறு மீட்டர் தூரத்தில் பார்வை சோதிக்கும் பலகையை வைத்து, குறித்த வரியைப் படிக்க இயலாதவரை மட்டும் கண் மருத்துவ உதவியாளரிடம் அனுப்புவார். கிட்டப்பார்வையைக் கண்டுபிடிக்க இது உத்தமமான ஏற்பாடு. ஆயினும் ‘பரிசோதிக்கப்பட்டோர்’ என்று அறிக்கைகள் கூட்டித் தரும் தொகைக்குப் பொருள், அத்தனை பேர் பலகைக்கு எதிரே நின்றார்கள் என்பதே.

தூரப்பார்வை இந்தச் சல்லடையில் நழுவிவிடுகிறது. ஒளி விழித்திரைக்குப் பின்னே குவியும் கண்ணாயினும், இளமையில் வில்லை மிருதுவாயிருப்பதால், உள்தசை அதைத் தடிக்கச் செய்து குறையை ஈடுகட்டி, பலகை வரியைப் பிழையின்றிப் படிக்கவைத்துவிடும்; புத்தகத்தைக் கிட்டத்தில் வைத்துப் படிக்கும்போதோ, அதே தசை இன்னும் கடுமையாக உழைத்துக் களைத்துப்போக, எழுத்து மங்கி நெற்றி வலிக்கும்.

இதை வெளிப்படுத்த ஓர் அருமையான யுக்தி உண்டு. இரண்டு டயாப்டர் குவிவில்லையை அணிவித்து அதே வரியைப் படிக்கச் சொன்னால், குறையற்ற கண்ணுக்கு அது மங்கும். கணிசமான தூரப்பார்வையுள்ள கண்ணுக்கோ, தசை அதுகாறும் சுமந்த பாரத்தை வில்லை ஏற்றுக்கொள்வதால், தெளிவாகவே தெரியும். ஆகவே இம்முறை மருத்துவரிடம் அனுப்பவேண்டியது படித்துவிட்ட பிள்ளையைத்தான். பிள்ளையை அழைத்துப் போகத் தீப்பெட்டி ஆபீசிலோ பட்டாசு ஆலையிலோ ஒருநாள் கூலியை இழக்கும் தாய், குறையில்லை என்ற பள்ளியின் வார்த்தையை நம்பி இருந்துவிடுவது இயல்பே. அந்த வார்த்தை பழுதற்றதாயிருக்க, பள்ளிதோறும் பலகையோடு இந்த வில்லையும் இருந்தாகவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மற்றக் கடிதங்களின் கேள்விகளுக்குச் சுருக்கமாக: கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் கெடுமா? கெடாது.

இரு கண்ணையும் திறந்து சோதித்தால் போதாதா? போதாது, ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும்.

ஆறாம் வகுப்புவரை காத்திருக்கலாமா? கூடாது, மாறுகண்ணோ மந்தக்கண்ணோ ஏழு வயதுக்குள் சிகிச்சை பெறுவதே நலம்.

பட்டாசுப் பொறி பட்ட கண்ணுக்குப் பள்ளிப் பரிசோதனை உதவுமா? உதவாது; கசக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் காட்டவேண்டும்.